உடலைச் சொல்லும் தமிழ்

நுழையும்முன்

வலி தோன்றியவுடன் அதனைப் பிறர்க்கு உணர்த்த நாம் ஒரு சொல்லைத் தேடுகிறோம். 'இங்கே, இப்படி வலிக்கிறது' என்று நோயாளி கூறுவதிலிருந்துதான் மருத்துவம் தொடங்குகிறது. உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழில் வழங்கும் பெயர்கள் எவ்வாறு அமைந்தன, அவை யாருக்குப் பயன்பட வேண்டும் என்பன குறித்த கருத்துரை இது.

ஒரு சொல் தந்த உறக்கம்

சில ஆண்டுகளுக்கு முன்பு என் அத்தையை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மாதக்கணக்கில் நீடித்த உதிரப்போக்கினால் அவர் மிகவும் சோர்ந்திருந்தார். ஆய்வுகள் முடிந்தன. "கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்துவிடலாம்" என்று கூறிய மருத்துவர், ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளொன்றை என்னிடம் தந்துவிட்டு அடுத்தவரை அழைத்தார். அன்றிரவு அத்தை உறங்கவில்லை. விடியற்காலையில் என் கையைப் பற்றிக்கொண்டு, "மறைக்காமச் சொல்லுப்பா, எனக்குப் புத்துநோய்தானே?" என்று கேட்டார்.

தாளில் 'ஃபைப்ராய்டு' என்று இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்ததே அன்றி அதன் பொருள் எனக்கும் விளங்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்து வந்தவன், தன் அத்தையின் கேள்விக்கு விடைசொல்ல ஒரு சொல் இல்லாமல் நின்றேன். காலையில் பணிக்கு வந்த செவிலியர்தாம், "அது நார்க்கட்டிம்மா. புத்து இல்ல. எத்தனையோ பேருக்கு வருது, பயப்படாதீங்க" என்றார். கருப்பையின் தசைச்சுவரில் வளரும், புற்றல்லாத கட்டி அது என்பதை அந்தச் சொல்லே உணர்த்திவிட்டது. அத்தை அன்று பகலில் நன்றாக உறங்கினார்.

மருத்துவர் சொன்னது பொய்யன்று. தாளில் இருந்ததும் பிழையன்று. ஆயினும், நோயாளியைச் சென்றடைந்தது செவிலியரின் சொல் ஒன்றே. உடலைப் பற்றிய சொல் முதலில் அந்த உடலுக்கு உரியவருக்குப் புரிய வேண்டும் என்பதே என் கருத்து. கலைச்சொல்லாக்கத்தின் வெற்றியை அளக்கும் கோலும் அதுவே.

மருத்துவமனையில் தகுதி வழக்கு

இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எனத் தகுதி வழக்கு மூன்று என்று நன்னூல் வழி நாம் படித்திருக்கிறோம். அவையினர் முன் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல்; மங்கலமல்லாததை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம்; ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதைக் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாக மனப்பாடம் செய்கிறோம். இம்மூன்றையும் ஒரே இடத்தில் உயிரோடு காண விரும்புவோர் ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தால் போதும்.

மருத்துவர் பேசுவது குழூஉக்குறி. அம்மை கண்ட வீட்டார், 'அம்மன் வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறது' என்பது மங்கலம். மாதவிடாயைத் 'தூரம்' என்றும் 'வீட்டுக்கு விலக்கு' என்றும் வழங்குவது இடக்கரடக்கல். பிறப்புறுப்பில் தோன்றிய புண்ணை 'அடிவயிற்றில் ஏதோ' என்று ஒரு பெண் கூறினால் அதுவும் இடக்கரடக்கலே. வீட்டிலும் அவையிலும் இவ்வழக்குகளுக்கு ஒரு நாகரிகம் உண்டு; அதனை நான் குறைகூறவில்லை. ஆனால், மருத்துவரின் மேசைக்கு இருபுறமும் அமர்ந்து ஒருவர் குழூஉக்குறியிலும் மற்றவர் இடக்கரடக்கலிலும் பேசினால் நோயின் உண்மை இடையிலேயே நின்றுவிடுகிறது. கருப்பைவாய்ப் புற்று தொடக்கத்திலேயே கண்டறிந்து குணப்படுத்தக்கூடிய நோய். அதனைச் சொல்ல நா கூசிய நாள்கள் அந்நோய் வளரும் நாள்களாகிவிடுகின்றன.

எனவே, நமக்கு வேண்டுவது நான்காவதாக ஒரு வழக்கு. அது கூச்சமின்றிச் சொல்லக்கூடியதாக, இருவருக்கும் ஒரே பொருள் தருவதாக, யாரையும் இழிவுபடுத்தாததாக இருத்தல் வேண்டும். அத்தகைய வழக்கை அமைக்கத் தமிழில் வளம் உண்டா?

முன்னோர் இட்ட பெயர்கள்

உடலை உற்றுநோக்கிப் பெயரிடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. எழுத்தொலிகள் பிறக்கும் முறையைக் கூறும் தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் ஒலியாவதை விளக்குகிறது. ஒலியிலக்கணம் கூறவந்த நூல், உடலுறுப்புகளைத் தொழிலோடு பொருத்திக் காட்டியிருக்கிறது.

மக்கள் வழக்கில் உள்ள பெயர்கள் இதனினும் நுட்பமானவை. 'ஈரல்' என்னும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று உறுப்புகளைப் பிரித்தறிந்தனர். காற்றறைகள் நிறைந்து நுரைபோல் மென்மையாக இருப்பது நுரையீரல், கட்டியாக, எடை மிகுந்து இருப்பது கல்லீரல், மற்றொன்று மண்ணீரல். முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்ட தசையைக் கெண்டைமீனின் வடிவோடு இணைத்துக் 'கெண்டைக்கால்' என்றனர். முழங்கால் மூட்டின்மேல் மூடிபோல் அமைந்த எலும்பு 'முழங்காற்சில்லு'. தெருவில் கட்டம் வரைந்து விளையாடும் சிறுவர் எறியும் ஓட்டுச்சில்லை அறிந்த எவருக்கும் அதன் வடிவம் கண்முன் வந்துவிடும்.

நோய்ப்பெயர்களிலும் இவ்வளம் உண்டு. இதயத்தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதால் வருவது 'மாரடைப்பு'. நோய் தோன்றும் இடத்தையும் காரணத்தையும் ஒரே சொல்லில் கூறிவிடும் இப்பெயர், அவற்றுள் இடத்தை மட்டும் கூறும் ஆங்கிலப் பெயரைவிடத் தெளிவானது. நீரிழிவு, கண்புரை, பக்கவாதம், குடலிறக்கம் என இப்பட்டியல் நீளும்.

அயற்சொல்லின் உள்ளே

'இவையெல்லாம் நாட்டுப்புறச் சொற்கள். அறிவியலுக்கு உரிய செறிவு இலத்தீனிலும் கிரேக்கத்திலும்தான் உண்டு' என்று கருதுவோர் உளர். அச்சொற்களைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் எளிய வீட்டுப் பொருள்களே. முழங்காற்சில்லின் இலத்தீன் பெயரான 'பட்டெல்லா' என்பதற்குச் சிறுதட்டு என்று பொருள். முன்கால் எலும்பான 'டிபியா' என்பது புல்லாங்குழல். உள்செவியின் 'காக்ளியா' என்பது நத்தை. 'பான்கிரியாஸ்' என்னும் கிரேக்கச்சொல்லுக்கு 'முழுதும் தசை' என்பதே பொருள். அதனினும் நம் 'கணையம்' ஒன்றும் தாழ்ந்ததன்று. நடுச்செவியின் மூன்று சிறு எலும்புகளை இலத்தீனில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று பொருள்படப் பெயரிட்டனர். நம் உயிரியல் நூல்களும் அவ்வாறே வழங்குகின்றன.

சிலவிடங்களில் இரு மொழிகளும் ஒரே உவமையைக் கண்டிருப்பது வியப்பளிக்கிறது. கண்ணின் நடுவிலுள்ள கருவட்டத்தை இலத்தீனில் 'பூபில்லா' என்பர். சிறிய பொம்மை என்பது அதன் பொருள். எதிரில் நிற்பவரின் உருவம் அவ்வட்டத்தில் சின்னஞ்சிறு பொம்மையாகத் தெரிவதால் வந்த பெயர் அது. தமிழிலும் அது 'பாவை'. தன் காதலிக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கண்மணியிலுள்ள பாவையைப் போய்விடுமாறு கூறும் தலைவனைத் திருக்குறளின் காமத்துப்பாலில் காண்கிறோம். ஆக, அயற்சொல்லின் மதிப்பு அதன் பிறப்பில் இல்லை. நூற்றாண்டுகளாக வகுப்பறையிலும் நோயாளியின் படுக்கையருகிலும் இடைவிடாது பயன்பட்டதில் இருக்கிறது.

மானிப்பாய் தரும் பாடம்

பயன்பாடே சொல்லை வாழ்விக்கிறது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. அமெரிக்காவில் பிறந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும் நடத்தினார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், மக்களிடையே பணியாற்றப் போகிறவர்கள் மக்கள் மொழியிலேயே பயில வேண்டும் என்று உணர்ந்து 1860களில் தமிழ்வழிக்கு மாறினார். பாடநூல்கள் இல்லாததால் தம் மாணவர் துணையோடு தாமே மொழிபெயர்த்தார். மகப்பேற்றுக்குப் 'பிரசவ வைத்தியம்', அறுவைக்கு 'இரணவைத்தியம்', உடற்கூற்றுக்கு 'மனுஷ அங்காதிபாதம்', உடலியங்கியலுக்கு 'மனுஷ சுகரணம்' என நூல்கள் வெளிவந்தன. பொருத்தமான சொல்லை முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிடில் வடமொழியில் தேடுவது, அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவது என்பது அவர் கொண்ட முறை. வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டது இம்மூன்றாம் வழியில்தான்.

இன்று 'சுகரணம்' என்றால் யாருக்கு விளங்கும்? 'அங்காதிபாதம்' இருந்த இடத்தில் 'உடற்கூறியல்' வந்துவிட்டது. அச்சொற்கள் தரமற்றவை என்பதால் வழக்கொழியவில்லை. அவற்றைச் சொல்லிக் கற்பித்த வகுப்புத் தொடரவில்லை, சொற்களும் தொடரவில்லை.

இதற்கு எதிரான காட்சியை ஜப்பானில் காணலாம். சுகிதா கென்பாகு, மாயேனோ ரியோதாகு முதலிய மருத்துவர்கள் 1771இல் ஓர் உடல் அறுக்கப்படுவதை நேரில் கண்டனர். கையிலிருந்த டச்சு உடற்கூற்று நூலின் படங்கள் உள்ளதை உள்ளவாறே காட்டுவது கண்டு வியந்து, அதனை மொழிபெயர்க்கத் துணிந்தனர். முறையான அகராதியின் துணையும் அவர்களுக்கு இல்லை. 1774இல் 'கைதாய் ஷின்ஷோ' என்னும் பெயரில் அந்நூல் வெளிவந்தது. நரம்பைக் குறிக்க அவர்கள் புதிதாகப் படைத்த 'ஷின்கெய்' என்னும் சொல்லையே இன்றும் ஜப்பானிய மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே வழங்குகின்றனர். அங்குச் சொல்லோடு கல்வியும் தொடர்ந்து வந்தது.

நாமும் வாளாவிருக்கவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கென ஓர் அமைப்பே கண்டனர். கோவையிலிருந்து வெளிவந்த 'கலைக்கதிர்' இதழ் அறிவியல் தமிழை வளர்த்தது. மணவை முஸ்தபா மருத்துவத்துக்கெனத் தனியே கலைச்சொல் அகராதி தொகுத்தார். அகராதிகளில் சொற்கள் உள்ளன. அவற்றை மருந்துச் சீட்டுக்கும் ஆய்வறிக்கைக்கும் கொண்டுவரும் வேலைதான் எஞ்சியிருக்கிறது.

ஒரு சொல், பல பொருள்

இருக்கும் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் போதுமா? போதாது. 'நரம்பு' என்பதையே எடுத்துக்கொள்வோம். 'நரம்பில் ஊசி போட்டார்கள்' என்னும்போது அது குருதிக் குழாயாகிய சிரை. 'நரம்பு சுளுக்கிக்கொண்டது' என்னும்போது அது தசையையோ தசைநாணையோ குறிக்கிறது. மூளையின் செய்தியைக் கொண்டுசெல்வதும் நரம்பு. யாழில் கட்டியதும் நரம்பு. கிரேக்கரின் 'நியூரான்' என்னும் சொல்லும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்து, பின்னரே இன்றைய பொருளுக்கு வரையறுக்கப்பட்டது. நாமும் நரம்பு, சிரை, தசைநாண் என்று பிரித்து வழங்கப் பழகலாம். 'வயிறு' என்னும் பொதுச்சொல்லிலிருந்து இரைப்பை, குடல், கல்லீரல் ஆகியவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரின் நோயை மருத்துவர் விரைவில் அறிவார்.

பிழையான சொல் உயிருக்கே ஊறு செய்வதும் உண்டு. நெஞ்சில் இறுக்கம் தோன்றி, இடக்கைக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்துக் கொட்டும்போது 'வாய்வுப் பிடிப்பு' என்று பெயரிட்டு இஞ்சிச்சாறும் ஓமநீரும் தேடும் வீடுகள் இன்றும் உள்ளன. 'மாரடைப்பாக இருக்குமோ' என்னும் ஐயம் உரிய நேரத்தில் சொல்லாக வெளிப்பட்டிருந்தால் ஊர்தியை அழைத்திருப்பார்கள்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பாடநூல்களில் சில சொற்கள் வேறுபடுகின்றன. நாம் செல், தமனி, சிரை, ஹார்மோன், வைட்டமின் என்பவற்றை அவர்கள் முறையே கலம், நாடி, நாளம், ஓமோன், விற்றமின் என்பர். தமிழ்நாட்டில் 'நாடி' என்பது கையில் பார்க்கும் துடிப்பையும், 'நாளம்' என்பது பொதுவாகக் குழாயையும் குறிக்கும். தமிழுலகம் முழுமைக்கும் பொதுவான கலைச்சொற்கள் தேவை என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

பெயரால் வரும் பழி

சில பெயர்கள் நோயைவிடக் கொடியவை. கால்கை வலிப்பு என்பதே பேச்சில் மருவிக் 'காக்கை வலிப்பு' ஆயிற்று என்பர். மருவிய சொல் காக்கையைக் கொண்டுவந்தது; அதனோடு அச்சமும் வந்தது. வலிப்புக் கண்டவரின் கையில் இரும்பைத் திணிப்பதால் பயன் ஒன்றும் இல்லை. அவரை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயில் எதனையும் செருகாமல் காப்பதே செய்யத்தக்கது. மூளையில் தோன்றும் மின்மாற்றத்தால் வரும் அந்நோய்க்கு 'வலிப்பு நோய்' என்னும் பெயரே போதும்.

தொழுநோயாளரை 'குஷ்டரோகி' என்று அழைத்து ஊருக்கு வெளியே நிறுத்திய காலம் ஒன்று இருந்தது. அந்நோய் ஒரு நுண்ணுயிரியால் வருவது என்று ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். இன்று அது மருந்தால் முற்றிலும் குணமாகிறது. ஆயினும் தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணமாகக் கொண்டிருந்த சட்டப் பிரிவுகள் நம் நாட்டில் 2019இல்தான் நீக்கப்பட்டன. மருந்து வந்த பின்னும் பெயரின் நிழல் அத்தனை காலம் நின்றது.

மனநோய்களின் பெயர்களில் இன்னும் விழிப்பு வேண்டும். 'ஸ்கிசோஃபிரினியா' என்பதை நாம் 'மனச்சிதைவு' என்கிறோம். ஜப்பானியரும் 'மனம் பிளவுபட்ட நோய்' என்று பொருள்படும் பெயரையே வழங்கிவந்தனர். நோயாளிகளின் குடும்பத்தார் விடுத்த வேண்டுகோளை ஏற்று 2002இல் அப்பெயரை நீக்கி, 'ஒருங்கிணைவில் ஏற்படும் குறைபாடு' என்று பொருள்படும் புதுப்பெயரை ஏற்றனர். அதன்பின் நோயின் பெயரை நோயாளியிடமே எடுத்துக்கூறும் வழக்கம் மருத்துவரிடையே பெருகியது. தென்கொரியரும் பின்னர், இசைக்கருவியின் நரம்பைச் சுருதி கூட்டுதலை நினைவூட்டும் பெயரைச் சூட்டினர். சிதைந்தது என்றால் மீளாது என்று தோன்றும். சுருதி கலைந்தது என்றால் மீண்டும் கூட்டலாம் என்று தோன்றும். யாழ் நரம்பை அறிந்த தமிழால் இத்தகைய பெயரைப் படைக்க இயலாதா?

மறுப்பும் விடையும்

மருத்துவ அறிவு உலகப் பொதுவானது. சென்னையில் எழுதும் அறிக்கையை டெல்லியிலும் இலண்டனிலும் படிக்க வேண்டும். எனவே ஆங்கிலமே பொருந்தும் என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. மருந்தின் பெயரை மொழிபெயர்க்கப் புகுந்து குழப்பம் நேர்ந்தால் அதன் விளைவும் நோயாளியையே சாரும். மருத்துவர்கள் தமக்குள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளட்டும். அதே அறிக்கையின் இறுதியில் நோயாளிக்காக நான்கு வரி தமிழில் எழுதுவதை அது தடுப்பதில்லை. அறுவைக்கு முன்னர்க் கையொப்பம் பெறும் ஒப்புதல் படிவம் நோயாளியின் பொருட்டே எழுதப்படுவது. அதன் பொருள் விளங்காமல் பெறும் கையொப்பத்தை ஒப்புதல் என்று எவ்வாறு கூறுவது?

எல்லாவற்றையும் தமிழாக்கியே தீரவேண்டும் என்பதும் என் கருத்தன்று. இன்சுலின், எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகியவை ஊர்தோறும் விளங்கும் சொற்கள். அவை அப்படியே இருக்கலாம். 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது 'வைரஸ்' வைரஸாகவே நின்றது. பெருந்தொற்று, முகக்கவசம் போன்ற சொற்களைச் சில வாரங்களிலேயே பாமரரும் வழங்கினர். நாள்தோறும் செய்தியாகவும் அறிவிப்பாகவும் காதில் விழுந்ததால் அவை நாவில் ஏறின. எது நிலைக்கும் என்பதை இறுதியில் மக்களின் நாவே முடிவுசெய்கிறது.

நம் கடமை

உயிரியல் பாடத்தில் படிக்கும் உறுப்புப் பெயர்களை மதிப்பெண்ணோடு மறந்துவிடாமல் வீட்டில் வழங்குங்கள். மாதவிடாய், கருப்பை, மார்பகம் என்னும் சொற்களைத் தலைகுனியாமல் சொல்லவும் கேட்கவும் பழகுங்கள். உங்கள் தாய்க்கும் தமக்கைக்கும் அது துணையாகும். நோயைக் கொண்டு ஒருவரை அழைக்காதீர்கள். நாளை உங்களில் சிலர் மருத்துவராவீர், சிலர் செவிலியராவீர், மற்ற யாவரும் ஏதேனும் ஒருநாள் பெற்றோரின் படுக்கையருகில் ஓர் அறிக்கையைக் கையில் ஏந்தி நிற்பீர்கள். அப்போது, "இதனைத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்கத் தயங்காதீர்கள். அது நோயாளியின் உரிமை.

என் அத்தை அறுவைக்குப்பின் நலமாக ஊர் திரும்பினார். நலம் விசாரிக்க வந்த பெண்களிடமெல்லாம், "நார்க்கட்டிதான், புத்து இல்ல, மாசக்கணக்கா உதிரம் போனா சும்மா இருந்துறாதீங்க, போய்க் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வாறு கேட்ட இருவர் அடுத்த வாரமே மருத்துவமனைக்குச் சென்றனர். செவிலியர் ஒருவர் சொன்ன சொல் ஒரு தெரு முழுவதற்கும் மருந்தாயிற்று.